விமானத்தில் கோளாறு என்று கேபின் க்ரூவுக்கே பயம் வந்தால், அவர்களால் என்ன செய்ய முடியும்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு விமானம், சாப்பாடு கொடுத்து முடித்த நேரம். பின்வரிசைகளில் ஒயர் கருகுவதுபோல வாடை வந்திருக்கிறது. ஒரு பணிப்பெண் கேலிக்குள் (சாப்பாடு சூடு பண்ணும் சமையல் பகுதி) ஓடினார், இன்னொருவர் டாய்லெட் கதவுகளைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், மூன்றாமவர் போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது, விமானமும் வழக்கம்போலப் போய் இறங்கியது. ஆனால் இறங்கும்வரை அந்தப் பெண்களின் முகம் சரியாகவே இல்லை என்கிறீர்கள். "அவர்களுக்கே சந்தேகம் இருந்தால் பக்கத்து ஊரில் இறக்கச் சொல்ல முடியாதா? கேப்டன் கேட்காவிட்டால் என்ன செய்வார்கள்?" இதுதான் உங்கள் கேள்வி. இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: கேபினில் பார்த்ததும் முகர்ந்ததும் கேப்டனிடம் சரியாகப் போய்ச் சேர்கிறதா? நான் பல வருடம் கேபினில் வேலை பார்த்து, அப்புறம் புதிதாகச் சேருபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்த ஆள். நடந்த விபத்துகளைப் படித்த அளவில், உயிர்கள் போனதற்கு இந்த இரண்டாவது கேள்விதான் அதிகக் காரணம். விமானியோ இன்ஜினியரோ இல்லை என்பதால், எஞ்சின் பற்றி நான் சொல்வது விசாரணை அறிக்கைகளில் படித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில், முடியாது. விமானத்தைத் திருப்புவதும் இறக்குவதும் கேப்டனின் முடிவு. எந்த நாட்டுச் சட்டத்திலும் இறுதிப் பொறுப்பு அவருடையதுதான், அது அப்படி இருப்பதே சரி. பக்கத்து விமான நிலையத்தின் வானிலை, ஓடுபாதையின் நீளம், கையிருப்பு எரிபொருள், விமானத்தின் எடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் அவர்தான். ஒரு விஷயத்தில் மட்டும் கேபின் க்ரூ தாமாகவே முடிவெடுக்கலாம். தரையில் விமானம் நின்ற பிறகு, அணைக்க முடியாத தீ, உடைந்த விமானம், உள்ளே ஏறும் தண்ணீர் என்று உயிராபத்து கண்ணெதிரே தெரிந்து, காக்பிட்டிலிருந்து எந்தப் பதிலும் வராவிட்டால், உத்தரவுக்குக் காத்திருக்காமல் கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்றலாம். பறக்கும்போது அவர்கள் கையில் இருப்பது தகவல் மட்டும்தான்.

உங்கள் விமானத்தில் நடந்ததில் எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். புறங்கையால் கதவைத் தொட்டது பயிற்சியில் சொல்லித் தருவது. உள்ளே தீ இருந்தால் கதவு சூடாக இருக்கும், அப்போது அதைச் சட்டென்று திறந்துவிடக் கூடாது. போன் பேசியவர் காக்பிட்டுக்குத்தான் பேசியிருப்பார், அதுவும் நடைமுறை. கேலிக்குள் ஓடியவர் அநேகமாக ஓவன்களின் மின்சாரத்தை நிறுத்தியிருப்பார். சாப்பாடு சூடு பண்ணி முடித்த நேரம் என்பதால் ஓவனுக்குள் சிந்திய எண்ணெயோ, உள்ளே சிக்கிய காகிதமோ கருகியிருக்க வாய்ப்பு அதிகம். கேபினில் வரும் கருகல் வாடையில் நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் இதுதான். ஓவன் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்தினாலே, காற்று கிடைக்காமல் உள்ளே இருக்கும் தீ அடங்கிவிடும். ஹாலான் தீயணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். ஆனால் உங்கள் விமானத்திலும் அதுதான் நடந்தது என்று ஒரு பத்தி விவரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பழைய சாக்ஸ் போன்ற நாற்றம் வந்தால் எஞ்சின் எண்ணெய் ஆவி காற்றுக் குழாய்க்குள் கசிந்ததோ என்று யோசிப்போம். மூக்கைக் குத்தும் பிளாஸ்டிக் வாடை என்றால் மின்கோளாறை நினைப்போம். மூக்கு ஏமாற்றும், அதனால் வாடையை வைத்து முடிவுக்கு வராமல் எங்கே அதிகம், எங்கே இல்லை என்று தேடச் சொல்லித்தான் பயிற்சி. அந்தப் பெண்களின் முகம் மாறியிருந்ததையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடை போன பிறகும் இறங்கும்வரை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தக் கவனம் முகத்தில் தெரியத்தான் செய்யும்.

சரி, தகவல் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? 1989 ஜனவரி 8 இரவு, லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737-400. 28,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது இடது எஞ்சினின் முன் விசிறியில் ஒரு தகடு உடைந்தது. விமானம் அதிர்ந்தது, காக்பிட்டில் புகை வாடை. விமானிகள் வலது எஞ்சின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் அதிர்வும் வாடையும் தணிந்தன. அது தற்செயல். தானியங்கி வேகக் கட்டுப்பாடு விடுபட்டதால் கெட்டுப்போன இடது எஞ்சின் ஏறும் வேகத்திலிருந்து தணிந்து, கொஞ்ச நேரம் அடங்கி ஓடியது. விமானிகளுக்கோ தங்கள் கணிப்பு சரி என்று அது உறுதியாகிவிட்டது. நல்ல எஞ்சினை நிறுத்தினார்கள். வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் மைக்கில் அறிவித்தார்.

பின்பக்கம் உட்கார்ந்திருந்த பல பயணிகள் தீப்பொறியைப் பார்த்தது இடது எஞ்சினில். பின்பக்கம் இருந்த கேபின் க்ரூவில் மூன்று பேரும் பார்த்திருந்தார்கள். யாருமே முன்னால் போய்ச் சொல்லவில்லை. கிழக்கு மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்கப் போகும்போது, ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் இடது எஞ்சின் முழுதாக நின்றது. கெக்வர்த் கிராமத்தை ஒட்டிய எம்1 நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. உள்ளே இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இதில் அந்தப் பணிப்பெண்களைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நமக்கே தெரிகிற தீ, கருவிகளை எல்லாம் முன்னால் வைத்திருக்கும் விமானிகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர்கள் நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. விசாரணை அறிக்கையும் அப்படித்தான் சொன்னது. வேலை நெருக்கும் நேரத்தில் காக்பிட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது. விமானிகளும் கேபின் க்ரூவும் சேர்ந்து அவசரநிலைப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அதுவரை இரண்டு தரப்பும் தனித்தனி வகுப்பு, தனித்தனி கையேடு, பல கம்பெனிகளில் தனித்தனி இலாகா. ஒரே விமானத்தில் வேலை செய்பவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொள்வதே ஆபத்து வந்த பிறகுதான் என்றால், அந்தப் பேச்சு எப்படி ஒழுங்காக நடக்கும்?

இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதே 1989 மார்ச் 10. கனடாவின் டிரைடன் என்ற சின்ன ஊரில் ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்28 விமானம் எரிபொருள் நிரப்ப நின்றது. பனி பெய்துகொண்டிருந்தது. பெரிய எஞ்சின்களைக் கிளப்ப உதவும், வாலில் இருக்கும் துணை எஞ்சின் ஏற்கெனவே பழுது. டிரைடனில் எஞ்சினைத் திரும்பக் கிளப்பித் தரும் தரைக் கருவியும் கிடையாது. அதனால் எஞ்சினை நிறுத்த முடியாது, எஞ்சின் ஓடும்போது இறக்கையில் பனி நீக்கும் திரவம் தெளிக்கவும் கூடாது. பறக்கலாம் என்று எழுதி ஒதுக்கிவைத்த ஒரு பழுது எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். இறக்கையில் பனி படிவதைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளோடு உட்கார்ந்திருந்த, டியூட்டியில் இல்லாத வேறு விமானிகளும் பார்த்தார்கள். கேப்டனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற தொழில் மரியாதை அவர்களைத் தடுத்தது. அந்த விமானிகளே பேசாமல் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்ற எண்ணமும், இதுபோன்ற விஷயங்களை நம் வாயிலிருந்து கேட்க விமானிகளுக்குப் பிடிக்காது என்ற அனுபவமும் பணிப்பெண்ணைத் தடுத்தன. பனி படிந்த இறக்கையோடு மேலே ஏற முடியாமல் விமானம் கிளம்பியதும் காட்டில் விழுந்தது. 69 பேரில் 24 பேர் பலி. பிழைத்த அந்தப் பணிப்பெண் இதை விசாரணைக் கமிஷன் முன்னால் நேராகவே சொன்னார்.  பயிற்சி வகுப்பில் நான் அதிகம் பேசியது இந்த விபத்தைப் பற்றித்தான்.

இந்த மாதிரி அனுபவங்களின் பலன் இன்று கண்ணுக்குத் தெரிகிறது. விமானி, கேபின் க்ரூ கூட்டுப் பயிற்சி இப்போது பரவலாக நடக்கிறது. 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் தேவையில்லாத பேச்சு கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1981-இல் வந்து பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. அந்த விதியைப் பல பணிப்பெண்கள் "கீழே இருக்கும்போது கூப்பிடவே கூடாது" என்று எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் எந்த உயரத்திலும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று இப்போது அழுத்திச் சொல்லித் தருகிறோம். மறுபக்கம், கோளாறு வந்தால் கேப்டன் மூத்த பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நான்கு விஷயம் சொல்ல வேண்டும். என்ன பிரச்சினை, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். கைக்கடிகாரத்தையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்வார்கள்.

தகவல் போனால் மட்டும் போதாது, எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். 1983 ஜூன் 2, டாலஸிலிருந்து டொரன்டோ போன ஏர் கனடா டிசி-9. பின்பக்க டாய்லெட்டுக்குள், சுவருக்குப் பின்னால் எங்கோ தீ. அதற்கு முன்பே டாய்லெட் மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கர்கள் விழுந்திருந்தன. பணிப்பெண்கள் புகையைக் கண்டதும் தாமதிக்காமல் சொன்னார்கள், பயணிகளை முன்வரிசைகளுக்கு நகர்த்தினார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள ஈரத் துண்டு கொடுத்தார்கள். இதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் காக்பிட்டுக்குப் போன செய்திகளில், புகை குறைகிறது, அடங்கிவிடும் போலிருக்கிறது என்ற தொனியும் கலந்திருந்தது. தீ எவ்வளவு பெரியது என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கேப்டன் உடனே இறங்க முடிவெடுக்காததற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு செய்தது. சின்சினாட்டி அருகே இறங்கிக் கதவுகளைத் திறந்து ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே மொத்தமும் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். இன்று டாய்லெட்டுகளில் இருக்கும் புகை உணரிகளும், தரையை ஒட்டி எரியும் வழிகாட்டி விளக்குகளும் இந்த விபத்துக்குப் பிறகு கட்டாயமானவை.

அதனால்தான் "சின்னப் புகைதான் கேப்டன், கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று யாராவது பயிற்சியில் சொன்னால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். "பின்பக்க இடது டாய்லெட், கூரைப் பலகை இடுக்கில் கறுப்புப் புகை, கதவு சூடு, தீ கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு ஹாலான் அடித்தாகிவிட்டது, புகை இன்னும் வருகிறது." இதில் ஒரு சொல்கூட அபிப்பிராயம் கிடையாது. இடது, வலது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் மடக்கு இருக்கைகளில் பல விமானத்தின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் வலக்கைப் பக்கம் இருப்பது விமானத்தின் இடது பக்கம். மூக்கைப் பார்த்து நின்றால் எது இடதோ அதுதான் இடது என்று வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்குவோம்.

பறப்பதற்கு முன்னால் தெரியும் பழுதுகள் வேறு கதை. கேபினில் எது கெட்டாலும் கேபின் பதிவேட்டில் எழுத வேண்டும். எவை கெட்டிருந்தால் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், அதுவரை என்ன நிபந்தனை என்பதற்கு அங்கீகரித்த பட்டியல் உண்டு. ஒரு கதவு வேலை செய்யாவிட்டால் சில விமானங்களில் அந்தப் பக்கத்து இருக்கைகளைக் காலியாக வைத்துப் பறப்பதும் நடக்கும். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எங்கள் மனம் அடங்கிவிடாது என்பதும் உண்மை. கடைசி நேரத்தில் "எழுதினால் விமானம் தாமதமாகும், போய் இறங்கி எழுதிக்கொள்ளலாமே" என்று தரையில் யாராவது மெல்லச் சொல்வதுண்டு. அந்த வார்த்தைக்கு மயங்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன்.

ஒரு உதாரணம் தருகிறேன். கதவின் ரப்பர் விளிம்பில் சின்ன இடைவெளி இருந்தால் மேலே போனதும் விசில் அடிக்கும், சில சமயம் பேசுவதே கேட்காத அளவுக்கு. நனைத்த துணியை இடுக்கில் திணித்தால் அங்கேயே உறைந்து சத்தம் அடங்கும். எல்லா இடத்திலும் நடக்கும் கைவைத்தியம் இது. பெரும்பாலும் அதனால் ஆபத்தும் இல்லை. ஆனால் சத்தம் அடங்கியதும் எழுதாமல் விட்டுவிடும் பழக்கம்தான் தப்பு. சைப்ரஸின் ஹீலியோஸ் 522 விமானத்தின் கதை அப்படி ஒரு கதவில்தான் தொடங்குகிறது. முந்தைய பயணத்தின் கேபின் க்ரூ, பின்பக்க வலது கதவின் விளிம்பு உறைகிறது, பலத்த சத்தம் கேட்கிறது என்று ஒழுங்காக எழுதிவைத்தார்கள். தரையில் அதைச் சோதித்தவர், விமானத்துக்குள் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சை சோதனைக்காக மேனுவலில் வைத்துவிட்டு, திரும்ப ஆட்டோவுக்கு மாற்றவில்லை. 2005 ஆகஸ்ட் 14 காலை, லார்னகாவில் கிளம்பிய விமானிகளும் அதைக் கவனிக்கவில்லை. விமானம் ஏற ஏற உள்ளே காற்று மெலிந்தது. எச்சரிக்கை ஒலியை வேறு ஏதோ கோளாறு என்று நினைத்துக் குழம்பிக்கொண்டிருக்கும்போதே விமானிகள் நினைவிழந்தார்கள். கேபினில் ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன, ஆனால் விமானம் கீழே இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. எரிபொருள் தீர்ந்து ஏதென்ஸ் அருகே விழுந்ததில் 121 பேரும் இறந்தார்கள்.

கடைசி நிமிடங்களில் ஒரு கேபின் க்ரூ உறுப்பினர் காக்பிட்டுக்குள் இருந்ததைத் துணைக்கு வந்த போர் விமானத்தின் விமானி பார்த்தார். அதற்கு முந்தைய நேரத்தில் கேபினில் யார் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. குரல் பதிவுக் கருவி கடைசி 30 நிமிடத்தை மட்டுமே வைத்திருந்தது. அதை வைத்து இணையத்தில் சொல்லப்படும் விறுவிறுப்பான கதைகளை நம்ப வேண்டாம். நிச்சயமானது, இதிலிருந்து வந்த பாடம்: முகமூடி விழுந்தும் விமானம் ஏறுவதை நிறுத்தவில்லை, இறங்கவும் ஆரம்பிக்கவில்லை என்றால், காக்பிட்டுக்கு அருகில் இருப்பவர் உடனே விமானிகளைத் தொடர்புகொண்டு அவர்கள் முகமூடி போட்டிருக்கிறார்களா என்று உறுதி செய்ய வேண்டும். 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக யோசிக்கக் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். கேப்டன் சொல்வார் என்று காத்திருக்க அங்கே நேரமே இல்லை.

கேப்டன் கேட்காவிட்டால் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருப்பிச் சொல்வதுதான் வழி, ஒவ்வொரு முறையும் தெளிவாக. முதலில் பார்த்ததைச் சொல்வோம். போதவில்லை என்றால் "இது பாதுகாப்பாக எனக்குப் படவில்லை" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லப் பழக்குகிறோம். மூத்த பணிப்பெண் மூலமும் சொல்லலாம், ஒரு விமானி வெளியே வந்து நேரில் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். தரை இறங்கியதும் பாதுகாப்பு அறிக்கை எழுதலாம். அதை எழுதியதற்காக ஒருவரைப் பழிவாங்கக் கூடாது என்பது கொள்கை. எல்லாக் கம்பெனியிலும் அந்தக் கொள்கை மனதார நடக்கிறது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். எனக்குத் தெரிந்த பெரும்பாலான கேப்டன்கள் கேபினிலிருந்து வரும் அழைப்பை மதிப்பவர்கள். உங்கள் விமானத்தில் கேப்டன் திருப்பாதது கேட்காததால் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. ஓவனை நிறுத்தியதும் வாடை போய்விட்டது என்ற செய்தி வந்திருந்தால், தொடர்ந்து பறப்பது நியாயமான முடிவுதான்.

பயணியாக நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2010 நவம்பர் 4-இல் சிங்கப்பூரிலிருந்து சிட்னி கிளம்பிய குவான்டாஸ் ஏ380-இல் ஒரு எஞ்சின் வெடித்தது. சேதத்தைப் பார்க்கக் கேபினுக்குள் வந்த விமானியிடம், இருக்கைத் திரையில் தெரிந்த வால் கேமராவின் படத்தைக் காட்டி, இடது இறக்கையிலிருந்து ஏதோ ஒழுகுவதைச் சொன்னவர் ஒரு பயணி. அவரும் அதே கம்பெனியின் விமானி என்பதால் தயங்காமல் சொன்னார். 469 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். அந்தத் தயக்கமின்மை விமானி அல்லாதவர்களுக்கும் வரட்டும். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அழைப்பு மணியை அழுத்துங்கள், அவசரம் என்று தோன்றினால் நேராகப் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். மைக்கில் வலது என்று அறிவித்து நீங்கள் பார்த்தது இடது என்றால் அதையும் சொல்லுங்கள். செல்போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை நகர்த்தாதீர்கள், நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும், எங்களைக் கூப்பிடுங்கள். என்ன பார்த்தீர்கள், எத்தனையாவது வரிசை, விமானத்தின் மூக்கைப் பார்த்தால் எந்தப் பக்கம், எப்போதிலிருந்து. இந்த நான்கையும் சொன்னால் போதும், அது என்ன கோளாறு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.